மணிக்கட்டிலே ஒரு மணிக்கூடு



கையிலே திறன்பேசி இருக்க, மணிக்கட்டிலே கடிகாரம் எதற்கு என்று இளைஞர் பலர் இன்று வினவுகின்றனர். இதனை இளமையின் செருக்கென்று தள்ளிவிடுதல் தகாது. நியாயமான வினாவே அது. ஒரு பொருள் செய்துவந்த தொழிலை வேறொரு பொருள் அதனினும் செம்மையாகச் செய்யுமாயின் முன்னையதைக் கைவிடுவது உலக வழக்கம். மின்சாரம் தடைப்படும் இரவிலன்றி அரிக்கன் விளக்கைத் தேடுவார் இன்று எவருமிலர். கைக்கடிகாரமும் அந்த வரிசையிற் சேரவேண்டியதுதானா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

எதிர்வாதிக்கு உரியதை முதலிலேயே கொடுத்துவிடுவோம். சரியான நேரம் என்ற ஒன்றையே நோக்குவதாயின், கைத்தொலைபேசியோடு போட்டியிடக் கைக்கடிகாரத்தினால் இயலாது. சாவி கொடுத்து ஓடும் கடிகாரம் எத்துணை நல்லதாயினும் நாளொன்றுக்குச் சில விநாடிகள் முந்தும், அல்லது பிந்தும். மின்கலத்தினால் ஓடும் சாதாரணக் கடிகாரம் மாதமொன்றுக்குப் பதினைந்து விநாடி வரையில் பிசகக்கூடும். கைத்தொலைபேசியோ தன் கணக்கை மாத்திரம் நம்பிக் கிடப்பதன்று. தொலைத்தொடர்புக் கோபுரத்திடமும், இணையத்திடமும், வானிலே சுற்றும் செய்மதிகளிடமும் நேரத்தைக் கேட்டுக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அவையெல்லாம் அணுக்கடிகாரங்களைப் பின்பற்றுபவை. சீசியம் என்னும் மூலகத்தின் அணுவோடு தொடர்புடைய கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிரும் காலமே ஒரு விநாடி என்று 1967ஆம் ஆண்டில் உலக நாடுகள் வரையறை செய்துகொண்டன. அந்த வரையறையின் பயன் இன்று சந்தையிலே மரக்கறி விற்பவரின் சட்டைப்பைக்குள்ளும் இருக்கிறது. தச்சுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய ஜோன் ஹரிசன் என்னும் ஆங்கிலேயர் செய்த கடற்கடிகாரம், 1761ஆம் ஆண்டிலே கப்பலேறி யமேக்காவுக்குச் சென்ற 81 நாட் பயணத்தில் ஐந்து விநாடி அளவே பிந்தியது. அதனை அந்நாளில் உலகம் ஒரு பெருவியப்பாகக் கொண்டது. இன்று அந்த ஐந்து விநாடியைக்கூட நாம் பொறுப்பதில்லை.

அங்ஙனமாயின் வழக்கு முடிந்ததா? முடியவில்லை என்பதே என் எண்ணம். கைக்கடிகாரம் செம்மையின் பொருட்டு மணிக்கட்டுக்கு வந்ததன்று. அது வந்த வரலாற்றை நோக்கினால் இது விளங்கும்.

நேரத்தை அளத்தல் எம்மவர்க்குப் புதிதன்று. நாளை 60 நாழிகையாக அவர்கள் வகுத்தனர். நாழிகை ஒன்று இன்றைய கணக்கில் 24 நிமிடம். அரசனின் பாசறையிலே நாழிகை கணித்துச் சொல்வோர் இருந்தமையை முல்லைப்பாட்டிலே காண்கிறோம். குடியானவனுக்கு அத்தகைய கணக்கர் இல்லை. அவன் தன் நிழலை அடியால் அளந்தான்; அல்லது ஒரு துரும்பை மடித்து வெயிலிலே நிறுத்திப் பொழுதறிந்தான். கடிகாரம் என்ற சொல்லே நாழிகையைக் குறிக்கும் கடிகை என்பதிலிருந்து வந்தது. எமது வடபகுதி மக்கள் அதனை மணிக்கூடு என்பர். அழகிய சொல். மணிக்கட்டு என்பதற்கும் மணிக்கூட்டுக்கும் பிறப்பிலே உறவில்லை என்பதை இடைக்குறிப்பாகச் சொல்லிவைக்கலாம். மணி கோத்த அணியைக் கட்டும் இடமாதலின் அது மணிக்கட்டு. கடிகாரம் உண்டாவதற்குப் பன்னெடுங் காலத்துக்கு முன்னரே அந்தப் பெயர் காத்திருந்தது போலும்!

பிரித்தானியர் காலத்திலே கோபுர மணிக்கூடுகள் இங்கு எழுந்தன. கொழும்புக் கோட்டையிலுள்ளது 1857ஆம் ஆண்டளவிலே முடிந்தது. யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரம், 1875ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாகக் கட்டப்பட்டது; போர்க்காலத்திலே சிதைவுற்று, பின்னர் திருத்தப்பெற்று இன்று மீண்டும் நிற்கிறது. இவை ஊருக்குப் பொதுவான கடிகாரங்கள். செல்வர்க்குத் தனிக் கடிகாரம் உண்டு. அது சங்கிலியிற் கோத்துச் சட்டைப்பைக்குள் இடப்பட்டது. ஐரோப்பாவிலே 16ஆம் நூற்றாண்டில் சுருள்வில்லின் உதவியினால் கடிகாரம் சிறுத்த காலந்தொட்டு, ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் சட்டைப்பையே அதன் இருப்பிடமாயிற்று. மணிக்கட்டிலே அதைக் கட்டியவர்கள் பெண்கள். பிரெகே என்னும் பெயர்பெற்ற கலைஞர் நேப்பிள்ஸ் நாட்டு அரசி கரோலின் மூராவுக்காக 1812ஆம் ஆண்டில் ஒன்றைச் செய்து முடித்தார். 1868ஆம் ஆண்டில் பற்றெக் பிலிப் நிறுவனம் ஹங்கேரியப் பிரபுகுலப் பெண்மணி ஒருவருக்கு ஒன்று செய்தது. ஆடவர்கள் அதை வளையல் என்று எள்ளி நகையாடினர்.

அந்த எள்ளல் நின்றது எப்போது? கைகளுக்கு வேலை மிகுந்தபோது. பிறேசில் நாட்டவரான சந்தோஸ் துமோன் பாரிஸ் நகரிலே ஆகாயக் கப்பல்களை ஓட்டிப் புகழ்பெற்றவர். இரு கைகளும் விசைகளைப் பற்றியிருக்கையில் சட்டைப்பைக்குள் கைவிட்டு நேரம் பார்த்தல் இயலாதென்று அவர் தம் நண்பர் லூயி கார்ட்டியேயிடம் குறைப்பட்டார் என்றும், 1904ஆம் ஆண்டிலே அவர் பொருட்டுக் கார்ட்டியே ஒரு கைக்கடிகாரம் ஆக்கிக் கொடுத்தார் என்றும் கூறுவர். அடுத்து 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போர். இன்ன மணி இன்ன நிமிடத்திலே பீரங்கி ஓயும், அந்த நொடியிலே படை முன்னேறவேண்டும் என்ற கட்டளையின்கீழ்ப் பதுங்குகுழியில் நின்ற போர்வீரன், மேலங்கியின் பொத்தானைக் கழற்றிக் கடிகாரம் தேடிக்கொண்டிருக்க முடியுமா? அவன் அதை மணிக்கட்டிலே வாரினாற் கட்டிக்கொண்டான். போர் முடிந்து அவன் வீடு திரும்பியபோது, அதை வளையல் என்று சொல்ல எவருக்கும் துணிவு பிறக்கவில்லை.

இக்கதையை நான் விரித்துரைத்தமைக்குக் காரணமுண்டு. கைத்தொலைபேசி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது என்று பாருங்கள். மீண்டும் சட்டைப்பைக்குள்ளே! நூறாண்டுக்கு முன்னர் எந்த இடம் வசதியற்றதென்று கைவிடப்பட்டதோ, அந்த இடத்துக்கே நாம் திரும்பியிருக்கிறோம். புதுமையின் உச்சி என்று நாம் கருதும் பொருள், இந்த ஒரு விடயத்தில் மட்டும் எம் பூட்டனார் காலத்துச் சங்கிலிக் கடிகாரமாய் நிற்கிறது.

ஆகவே வினாவைச் சற்று மாற்றிக் கேட்கவேண்டும். கைகளும் கருத்தும் வேலையிலே பதிந்திருக்கும் மனிதர் இன்று எவருமில்லையா? ஆசுபத்திரிக்குச் செல்லுங்கள். தாதியின் ஒரு கை நோயாளியின் நாடியிலே இருக்கும். கண் விநாடிமுள்ளிலே இருக்கும். நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு கடிகாரம் வேண்டுமென்று சேர் ஜோன் புளோயர் என்னும் ஆங்கில மருத்துவர் 1707ஆம் ஆண்டில் நூலெழுதினார். அந்தத் தேவை இன்றும் ஒழிந்ததன்று. கடலிலே வலையிழுப்பவரின் ஈரக்கை, பேருந்துச் சாரதியின் கை, அடுப்படியிலே மாப் பிசையும் தாயின் கை, எல்லாவற்றையும் எண்ணிப்பாருங்கள். கரும்பலகையின் முன்னே வெண்கட்டி பிடித்து நிற்கும் எங்கள் கையும் அவற்றுள் ஒன்று.

வகுப்பறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியர் தம் மணிக்கட்டை ஒரு நொடி நோக்கினால் மாணவர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அதே ஆசிரியர் கைத்தொலைபேசியை வெளியே எடுத்தாரோ, நாற்பது சோடிக் கண்களும் அதன்மேற் பாயும். அவர் நேரந்தான் பார்த்தார் என்று அவர்கள் நம்பப்போவதில்லை. ‘நமக்கு விலக்கிய பொருள் ஐயாவுக்கு மட்டும் எப்படி?’ என்பதே அவர்கள் உள்ளத்தில் எழும் வினா. விருந்தினர் முன்னிலையிற் கைக்கடிகாரத்தை நோக்குவதும் மரியாதையன்று என்பது உண்மையே. எழுந்து போகச் சொல்வதற்கு அது சமம் என்று எம் முதியோர் கொள்வர். எனினும் கைத்தொலைபேசியை எடுத்தலோ, அவர் அங்கிருப்பதையே மறந்துவிட்டோம் என்று காட்டுதலாகும். இரண்டுக்கும் வேறுபாடுண்டு.

எமது ஆசிரியர் அறையிலே இளம் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கைக்கடிகாரம் அணியாதவர், அணிவது வீண் என்று காரணகாரியத்தோடு வாதிடுபவர். ஒருநாள் அவரிடம் மணி என்ன என்று கேட்டேன். கைத்தொலைபேசியை எடுத்தார். விரலாற் சற்றுத் தடவினார். புன்னகைத்தார். எவருக்கோ இரண்டு சொற்கள் எழுதினார். மீண்டும் அதைப் பையிலே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தம்பி, மணி?” என்றேன். அறையிலிருந்த அனைவரும் சிரித்தனர். அவரும் சிரித்துவிட்டு மறுபடியும் அதை எடுத்தார். அவர் கவனம் குன்றியவர் அல்லர். கடமையில் மிகச் சிறந்தவர். நேரத்தை வைத்திருக்கும் அதே பெட்டிக்குள் நண்பரும், செய்தியும், விளையாட்டும், வாணிபமும் கூடியிருந்து கதவைத் திறப்பவரை உள்ளே இழுத்துக்கொள்வதே இங்குள்ள தொல்லை. கைக்கடிகாரத்திடம் ஒன்று கேட்டால் ஒன்றையே சொல்லும். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்.

இன்னொன்று. கைத்தொலைபேசியின் நேரம் பிறர் தருவது. கைக்கடிகாரத்தின் நேரம் நாமே வைத்துக்கொள்வது. இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். இலங்கையர்க்கு அது சிறிதன்று. 1996ஆம் ஆண்டு மே மாதத்திலே, மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டன. ஒக்டோபர் மாதத்தில் அரை மணித்தியாலம் பின்னே வந்தன. பத்தாண்டு கழித்து, 2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற்றான் பழைய நிலை மீண்டது. இடைப்பட்ட காலத்திலே பிள்ளைகள் இருள் விலகுமுன் பாடசாலைக்குப் புறப்பட்டனர், பெற்றோர் முறையிட்டனர். வன்னியிலே, அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளில், பழைய நேரமே வழங்கியது. சோதனைச்சாவடியைக் கடந்தால் அரை மணித்தியாலம் மாறும். மணி என்ன என்று கேட்டவரிடம் ‘பழைய நேரமா, புதிய நேரமா?’ என்று திருப்பிக் கேட்டது அக்காலத்து வழக்கம். எம்முடைய விரல்களே கடிகாரத்தின் திருகைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பின. அத்தகைய மாற்றம் இன்று வருமாயின் கைத்தொலைபேசி நள்ளிரவிலே தானாக மாறிவிடும். காலையில் எழுபவர் மாறியதை அறியாமலே பல் துலக்குவார். வசதிதான். ஆயினும் நாடே தன் பொழுதை மாற்றிக்கொள்வதை மக்கள் தம் கையால் உணர்ந்திருந்தமையும் ஒரு நன்மையே என்று நான் கருதுகிறேன். (மன்னார்க் கரையிலே கைத்தொலைபேசிகள் சிலவேளை இந்தியக் கோபுரத்தின் அலையைப் பற்றிக்கொள்வதுண்டு. 2006ஆம் ஆண்டு முதல் இரு நாடுகளுக்கும் நேரம் ஒன்றாகையால் அதனாற் கேடில்லை!)

மின்சாரத்தைக் குறிப்பிட்டேன். 2022ஆம் ஆண்டின் மின்வெட்டு எவர்க்கும் மறந்திராது. நாளொன்றிற் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருளிலிருந்த நாளும் உண்டு. கைத்தொலைபேசிகள் பல மாலைக்குள்ளே கண்மூடின. கைக்கடிகாரத்தின் மின்கலமோ, சட்டைப் பொத்தானிலும் சிறியது, இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்கும். அதற்கு முந்திய தலைமுறையிலே, 1990ஐ அடுத்த ஆண்டுகளில், யாழ்ப்பாணத்திலே மின்சாரமும் இல்லை. பற்றரியும் கிடைத்தற்கரிய பொருள். துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி இந்த வானொலியைக் கேட்ட நேயர்கள் இன்றும் இருக்கின்றீர்கள். அந்நாளிலே சாவி கொடுக்கும் பழைய மணிக்கூடுகளுக்குத் திடீரென்று மதிப்பு வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கைக்கடிகாரத்தின் மரணச் செய்தி வாசிக்கப்படுவதும் இது முதன்முறையன்று. 1969ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆந் திகதி, யப்பானிலே சீக்கோ நிறுவனம் குவாட்ஸ் என்னும் பளிங்கின் அதிர்வால் ஓடும் முதற் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அதன் விலை 450,000 யென். அந்நாளில் ஒரு மோட்டார் வண்டி வாங்கப் போதியது. சில ஆண்டுகளில் விலை வீழ்ந்தது. சுவிற்சர்லாந்திலே தலைமுறை தலைமுறையாகச் சக்கரமும் வில்லும் செய்து வாழ்ந்தோர் தொழிலிழந்தனர். 1970ஐ அடுத்த பதினைந்து ஆண்டுகளுள் அத்தொழிலில் இருந்தோர் தொகை மூன்றில் ஒன்றாயிற்று. 1983ஆம் ஆண்டிலே சுவாற்ச் என்ற மலிவான கடிகாரத்தைக் கொண்டே அவர்கள் மீண்டெழுந்தனர். இன்று பெரும்பாலான கைக்கடிகாரங்களில் உள்ள பளிங்கு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் அந்த எண்? இரண்டால் வகுத்துப் பாருங்கள். பதினைந்தாம் முறை ஒன்று வரும். அந்த ஒன்றே விநாடிமுள்ளின் ஓரடி. கணித ஆசிரியர்கள் வகுப்பிலே சொல்லத்தக்க செய்தி இது.

இந்தப் பளிங்கினால் விளைந்த பயன், கடிகாரம் ஏழைக்கும் எட்டியமை. 1977க்கு முன்னர், இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய எம் சிறுபராயத்திலே, கைக்கடிகாரம் என்பது மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் சீதனப் பட்டியலிலே இடம்பெறும் பொருள். முழுக்கைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, அது பிறர் கண்ணிற் படும்படி வீதியிற் சென்றவர்களை நான் அறிவேன். ஓடாத கடிகாரத்தை அணிந்து உலாவியவரையும் அறிவேன். ஆடம்பரத்தின் பொருட்டு அதை அணிவோர் இன்றும் உளர். வீட்டு விலைக்குக் கடிகாரம் வாங்குவோரும் உலகிலே உளர். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. கைத்தொலைபேசியின் குட்டியைப் போல் மணிக்கட்டிலே ஏறியிருக்கும் திறன்கடிகாரத்துக்காகவும் வரவில்லை. இருதய நோயாளருக்கு அது செய்யும் துணையை நான் மறுக்கவில்லை. எனினும் அதுவும் அழைக்கிறது, அதிர்கிறது, செய்தி சொல்கிறது. இரவானால் மின்னூட்டம் கேட்கிறது. சட்டைப்பைக்குள் இருந்த கூட்டத்தை அது தோளோடு நெருக்கிக் கொண்டுவந்திருக்கிறது. அவ்வளவுதான்.

நான் வாதாடுவது பாடசாலைப் பிள்ளையின் பொருட்டு.

பரீட்சை மண்டபத்துக்குள் கைத்தொலைபேசிக்கு இடமில்லை, திறன்கடிகாரத்துக்கும் இடமில்லை. அது நேரிய விதி. அதன் விளைவு யாதெனில், ஆண்டு முழுவதும் கைத்தொலைபேசியிலே நேரம் பார்த்துப் பழகிய பிள்ளை, நேரம் மிக வேண்டியதாகும் அந்த மூன்று மணித்தியாலத்திலே நேரமின்றி விடப்படுகிறது. மண்டபத்துச் சுவரிலே மணிக்கூடு இருக்கும் என்பர். சில மண்டபங்களில் இருக்கும். சிலவற்றில் அது பிள்ளையின் முதுகுப்புறத்தில் இருக்கும். சிலவற்றில் நின்றுபோய் இருக்கும். மணியை நோக்குநர் அறிவிப்பார் என்பர். அவர் அறிவிப்பது பரீட்சை எந்நிலையில் நிற்கிறது என்பதையே. இந்தப் பிள்ளை எந்த வினாவில் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையில் ஒரு மாணவி இருந்தாள். கெட்டிக்காரி, எழுதத் தொடங்கினால் பேனா நில்லாது. உயர்தர முன்னோடிப் பரீட்சையின் விடைத்தாள்களை ஆசிரியை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஐந்து வினாக்களுக்கு விடையெழுத வேண்டும். முதல் மூன்றும் அச்சிடத் தக்க விடைகள். நான்காவது பாதியில் நின்றது. ஐந்தாவதன் இலக்கம் மட்டும் எழுதப்பட்டிருந்தது. அவளை அழைத்து வினவினேன். “மணி அடிக்கும் என்று இருந்துவிட்டேன், ஐயா” என்றாள். எனக்கு முதலிற் புரியவில்லை. பின்னர் விளங்கியது. வீட்டிலே படிக்கும்போது கைத்தொலைபேசியில் எச்சரிக்கை மணி வைத்துக்கொள்வது அவள் வழக்கம். அரை மணித்தியாலம் வைப்பாள். அது ஒலிக்கும்வரை நேரத்தை நினையாள். நேரத்தை நினைக்கும் வேலையை அவள் வேறொன்றிடம் ஒப்படைத்திருந்தாள். மண்டபத்திலே அந்த வேலையாள் உடனிருக்கவில்லை.

எச்சரிக்கை மணி நேரம் முடிந்ததைச் சொல்லும். கடிகார முகம் அது கழியும் வகையைக் காட்டும். 180 நிமிடத்தை ஐந்தாகப் பகுத்தால் வினாவுக்கு 36 நிமிடம். திருப்பிப் பார்க்கச் சிறிது ஒதுக்கினால் 33 அல்லது 34. இதைக் கணக்காக அறிதல் எளிது. முள் நகரும் தூரமாகக் கண்ணாற் கண்டு, எழுதும் வேகத்தை அதற்கேற்ப அடக்குதல் பழகிப் பெறவேண்டியது. இலக்கத்திலே 10:47 என்று காண்பவனுக்கு அக்கணத்தில் ஒரு கழித்தற் கணக்கு மிகுதியாகிறது. முள்ளிலே காண்பவனுக்கு மிஞ்சியிருக்கும் நேரம், வெட்டிய வட்டப் பலகாரத்தின் எஞ்சிய துண்டு போலக் கண்முன்னே கிடக்கிறது.

இங்கே தமிழ்மொழி எமக்குச் செய்திருக்கும் உதவியையும் சொல்லவேண்டும். மூன்றேகால், மூன்றரை, மூன்றேமுக்கால் என்று நாம் சொல்கிறோம். இவை வட்டத்தைக் கண்டவர் சொல்லும் சொற்கள். காலும் அரையும் முக்காலும் கடிகார முகத்திலே வரைந்து கிடக்கின்றன. இன்றைய பிள்ளைகள் ‘மூன்று நாற்பத்தைந்து’ என்று வாசிக்கின்றனர், தவறில்லை. ஆயினும் அதுதான் மூன்றேமுக்கால் என்று அறியாத பிள்ளைகளை ஆறாந் தரத்திலே நான் காண்கிறேன். ஆரம்ப வகுப்பிலே காகித அட்டையில் கடிகாரம் செய்து முள்ளைத் திருப்பிப் படித்தவர்கள்தாம் அவர்கள். படித்தபின் அதைக் காண வீட்டிலே சுவர்க்கடிகாரமுமில்லை, தந்தையின் கையிலே கடிகாரமுமில்லை, ஆகவே மறந்துபோயினர். இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 2018ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே சில பாடசாலைகள், முட்கடிகாரம் வாசிக்க மாணவர் இடர்ப்படுவதனால், பரீட்சை மண்டபங்களில் இலக்கக் கடிகாரங்களை வைக்கத் தொடங்கியதாகச் செய்தி வந்தது. அவர்கள் கடிகாரத்தை மாற்றினர். நான் பிள்ளையை மாற்றவே விரும்புகிறேன். அது செலவும் குறைந்த வழி.

எமது அலுவலக அலுமாரியிலே ஒரு பிசுக்கோத்துப் பெட்டி இருக்கிறது. அதற்குள் பன்னிரண்டு கைக்கடிகாரங்கள். பழைய மாணவர் ஒருவர் வாங்கித் தந்தவை. எல்லாம் மலிவானவை, ஒலியெழுப்பாதவை, பன்னிரண்டு எண்களும் தெளிவாக எழுதப்பட்டவை, விநாடிமுள் உடையவை. கடிகாரமில்லாத பரீட்சார்த்திகளுக்கு முன்னோடிப் பரீட்சை தொடங்கும்போதே அவற்றைக் கொடுத்துவிடுகிறோம். பரீட்சை நாளன்று காலையிலே கொடுத்தாற் பயனில்லை. மணிக்கட்டுக்கும் கண்ணுக்கும் பழக்கமாக ஒரு தவணையாவது வேண்டும். நான் குறிப்பிட்ட மாணவியும் அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டாள். அடுத்த முன்னோடிப் பரீட்சையில் ஐந்து வினாக்களுக்கும் விடை எழுதினாள். முதல் மூன்றும் முன்னையவற்றிலும் குறுகியிருந்தன. ஐந்தாவது அத்துணைச் சிறப்பாக இல்லை. ஆயினும் அது தாளிலே இருந்தது. புள்ளியிடுவதற்கு ஏதோ இருந்தது. இறுதிப் பரீட்சை முடிந்த மறுநாள் கடிகாரத்தைத் திருப்பித் தர வந்தபோது, அவள் மணிக்கட்டிலே வெயில் படாத ஒரு வெள்ளை வட்டம் விழுந்திருந்தது.

இளம் விஞ்ஞான ஆசிரியர் இன்றும் கைக்கடிகாரம் அணிவதில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர் அவரே. ஆண்டுக்கு ஒருமுறை மின்கலங்களைச் சோதித்து, பன்னிரண்டையும் ஒரே விநாடிக்கு வைத்துத் தருகிறார். எதைப் பார்த்து வைக்கிறார் என்று கேட்டேன். தம் கைத்தொலைபேசியைப் பார்த்தாம்! அதில் எனக்கு ஆட்சேபம் சிறிதுமில்லை. நேரத்தை அறிந்துவருவதற்கு அதனிலும் நல்ல தூதன் இல்லை.

உங்கள் வீட்டு மேசை இழுப்பறைக்குள்ளும் ஒரு கைக்கடிகாரம் நின்றுபோய்க் கிடக்கக்கூடும். இவ்வாண்டு பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளை வீட்டில் இருந்தால், அதைத் தேடியெடுத்துக் கடைத்தெருவிலே மணிக்கூடு திருத்துபவரிடம் கொடுங்கள். கண்ணிலே உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு, சிறு கண்ணாடிப் பெட்டியின் பின்னே அவர் இன்னமும் இருக்கிறார். புது மின்கலம் இடுவதற்கு அவருக்கு ஐந்து நிமிடம் போதும். சற்று நேரத்தில் அறிவிப்பாளர் நேரத்தைக் கூறுவார். அதற்கும் உங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். கைத்தொலைபேசியின் வழியாக இந்நிகழ்ச்சியைக் கேட்பவர்கள் மாத்திரம் சில விநாடிகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். இணையவழி வரும் ஒலி வானலையிலும் சற்றுப் பிந்தியே வந்துசேரும்.